காயை நகர்த்தும் கை

ஒரு நகரத்துக் குடும்பங்கள் அத்தனையின் வருமானத்தையும் வரிசையாக எழுதி, வருமான ஏற்றத்தாழ்வைக் காட்டும் ஜினி கெழுவைக் கணக்கிட்டுவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். பிறகு சென்னை போட் கிளப் சாலைப் பங்களாக்காரரைக் கொண்டுபோய், குடிசைகளிலிருந்து அகற்றப்பட்டவர்களுக்கான பெரும்பாக்கம் குடியிருப்பின் ஏழாவது மாடியில் ஏற்றுகிறோம். பெரும்பாக்கத்துக்காரரை அடையாற்றங்கரை மரநிழலுக்கு அழைத்துவருகிறோம். அவரவர் வருமானம் அவரவரிடமே இருக்கட்டும். வீடு மட்டும் மாறட்டும். இப்படியே சென்னை முழுவதையும் கலைத்துப்போட்டாலும் ஜினி எண் இம்மியும் அசையாது. 1912இல் இத்தாலியரான கொராடோ ஜினி உருவாக்கிய அந்த அளவுகோலுக்கு யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்று தெரியும். எங்கே இருக்கிறது, யாருக்குப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பது தெரியாது.

நம்மவர்களுக்கு இது விசித்திரமாகத்தான் படும். ஊர் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம், நடுவே வயலோ ஓடையோ என்று பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஏற்றத்தாழ்வு என்பது முதலில் இடம், பணம் அப்புறம்தான். குளத்தின் எந்தத் துறையில் யார் இறங்கலாம், தேர் எந்த முனையோடு திரும்பிவிடும் என்பதெல்லாம் யாரும் வரைந்து காட்டாமலே எல்லோர் மனத்திலும் பதிந்த வரைபடம். நகரத்துக்கு வந்தால் இந்தக் கோடுகள் அழிந்துவிடும் என்று அம்பேத்கர் முதல் பலரும் நம்பினார்கள். அழிந்தனவா, இடம் மாறினவா என்று பார்க்கத்தான் இடஞ்சார்ந்த ஆய்வு தேவைப்படுகிறது.

பிரிந்து வாழ்வதை அளக்கச் சமூகவியலர்கள் ஓர் எண்ணைக் கொண்டுவரத்தான் செய்தார்கள். 1955இல் ஓட்டிஸ் டட்லி டங்கனும் பெவர்லி டங்கனும் முன்வைத்த வேற்றுமைக் குறியீடு அது. இரு பிரிவினர் எல்லா வார்டுகளிலும் ஒரே விகிதத்தில் பரவ வேண்டுமென்றால், ஒரு பிரிவினரில் எத்தனை சதவீதம் பேர் வீடு மாற வேண்டும் என்று அது சொல்லும். ஜினியைவிட ஒரு படி மேல். ஆனால் அதிலும் ஓர் ஓட்டை உண்டு என்று 1983இல் மைக்கேல் ஒயிட் காட்டினார். ஏழை வார்டுகள் எல்லாம் ஒரே மூலையில் குவிந்து கிடந்தாலும், சதுரங்கப் பலகையின் கறுப்புக் கட்டங்களாகச் சிதறிக் கிடந்தாலும் குறியீடு ஒன்றேதான். வடசென்னையை வார்டு வார்டாகப் பிய்த்துத் தெற்கெங்கும் தூவினால்கூட அதன் கண்ணில் படாது.

லண்டனில் சார்லஸ் பூத் வேறு வழியில் போனார். கப்பல் முதலாளி, பணத்துக்குப் பஞ்சமில்லாதவர். 1889இல் அவர் வெளியிட்ட வறுமை வரைபடத்தில் ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு நிறம். கறுப்பு, கருநீலம், வெளிர்நீலம், ஊதா, இளஞ்சிவப்பு, சிவப்பு, மஞ்சள் என்று ஏழு. செல்வந்தர்களுக்கு மஞ்சள். அடிமட்டத்துக்குக் கறுப்பு, அந்த நிறத்துக்கு அவர் எழுதிய விளக்கம் ஏழைகளைப் பாதிக் குற்றவாளிகளாகவே பேசுகிறது. லண்டன்வாசிகளில் ஏறத்தாழ 30 சதவீதம் பேர் வறுமையில் இருப்பதாக அவருடைய ஆய்வு சொன்னது. அந்த எண்தான் அப்போது பரபரப்பு. ஆனால் இன்று அந்தத் தாளை விரித்துப் பார்க்கும்போது கண் போய் நிற்பது வேறோரிடத்தில்: பெருஞ்சாலை நெடுகச் சிவப்பு, அதன் முதுகுக்குப் பின்னால் இரண்டே திருப்பம் தள்ளிக் கருநீலம். பணக்காரரும் ஏழையும் தூரத்தில் இல்லை. ஆனால் ஒருவர் தெருவுக்குள் மற்றவர் போக வேண்டிய காரணம் ஏதும் இல்லை.

இதைக் கணக்காக்கியவர்கள் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்தவர்கள். பில் ஹில்லியரும் ஜூலியன் ஹான்சனும் 1984இல் எழுதிய நூல் தூரத்தை மீட்டரில் அளக்காமல் திருப்பங்களில் அளந்தது. ஒரு தெருவிலிருந்து நகரத்தின் மற்ற தெருக்களுக்குப் போக எத்தனை முறை திரும்ப வேண்டும்? குறைவாகத் திரும்பினால் போதும் என்றால் அது நகரோடு பிணைந்த தெரு. நிறையத் திரும்ப வேண்டும் என்றால் அது ஆழத்தில் கிடக்கும் தெரு. இந்த அளவைப் பூத்தின் வரைபடத்தின் மேல் பொருத்திப் பார்த்த லாரா வான், வறிய தெருக்கள் பெரும்பாலும் நகரோடு பிணைப்பு குறைந்து ஒதுங்கியவை என்று காட்டினார். கடைக்காரர் வரமாட்டார், வழிப்போக்கர் வரமாட்டார், வேலை தருபவர் கண்ணில் தெரு படாது. வறுமை தெருவை ஒதுக்குகிறது; ஒதுங்கிய தெரு வறுமையைப் பிடித்துவைக்கிறது. எது முதல் என்று பிரிக்க முடியாத வளையம் இது. சிக்கல் அமைப்புகளைப் படிப்பவர்கள் பின்னூட்டம் என்று சொல்வது இதைத்தான்.

பூத்தின் வரைபடம் என்னவாயிற்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். கிழக்கு லண்டனில் ஓல்ட் நிக்கல் என்ற கறுப்புப் பகுதி இருந்தது. 1890களில் அதை இடித்து, அங்கே நல்ல செங்கல் குடியிருப்பு கட்டி, 1900இல் இளவரசரை அழைத்துத் திறந்துவைத்தார்கள். இடிக்கப்பட்ட வீடுகளில் இருந்தவர்கள் ஐயாயிரத்துக்கும் மேல். புதுக் குடியிருப்பில் இடம் கிடைத்த பழைய ஆட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்றவர்கள் அக்கம்பக்கத்து நெரிசலுக்குள் கரைந்தார்கள். வறுமையை வரைந்து காட்டுவதும் அதை இடித்துத் தள்ளுவதும் ஒன்றுக்கொன்று அதிகத் தொலைவில் இருந்ததே இல்லை.

சிக்கல் அமைப்பு என்ற பேச்சு நகரவியலுக்குள் வந்தது எப்படி என்பதை விரிவாகச் சொல்லத் தேவையில்லை. ஜேன் ஜேக்கப்ஸ் 1961இல் எழுதிய நூலின் கடைசி அத்தியாயத்தில், நகரம் இரண்டு மூன்று காரணிகளில் அடங்கும் எளிய கணக்கும் அல்ல, சராசரி எடுத்து முடித்துவிடக்கூடிய புள்ளிவிவரக் கணக்கும் அல்ல, ஒழுங்குள்ள சிக்கல் என்றார். வாரன் வீவர் 1948இல் அறிவியல் குறித்து எழுதியதை அவர் நகரத்துக்குக் கொண்டுவந்தார். பிற்பாடு இயற்பியலர்களும் நுழைந்தார்கள். நகரத்தின் மக்கள்தொகை இரட்டித்தால் தலைக்கு வருமானமும் கண்டுபிடிப்புகளும் ஏறக்குறைய 15 சதவீதம் கூடும் என்று 2007இல் லூயிஸ் பெட்டன்கோர்ட்டும் ஜெஃப்ரி வெஸ்ட்டும் உடன் ஆய்வாளர்களும் சூத்திரம் தந்தார்கள். அழகான சூத்திரம். அந்தக் கூடுதல் 15 யார் தலையில் போய் இறங்கியது என்று அது கேட்கவில்லை.

எனக்கு முக்கியமாகப் படுவது தாமஸ் ஷெல்லிங்கின் காசு விளையாட்டு. அவர் 1969இலும் 1971இலும் வெளியிட்ட கட்டுரைகளில் வருவது. ஒரு சதுரங்கப் பலகையை எடுத்து இரண்டு வகைக் காசுகளைக் கலந்து பரப்புங்கள். சில கட்டங்களைக் காலியாக விடுங்கள். ஒவ்வொரு காசுக்கும் ஒரே விருப்பம்: என் அக்கம்பக்கத்தில் மூன்றில் ஒரு பங்காவது என் வகையாக இருந்தால் போதும். மீதி வேற்று வகையாக இருந்தாலும் கவலையில்லை. இந்த அளவு கிடைக்காத காசு மட்டும் எழுந்து காலிக் கட்டத்துக்குப் போகும். அது போனதால் விட்டுவந்த இடத்தில் ஒருவருக்குத் துணை குறையும், அவரும் எழுவார். இப்படி நகர்த்திக்கொண்டே போனால் பலகை இரண்டாகப் பிரிந்துவிடும். முழுப் பிரிவினையை எந்தக் காசும் விரும்பவில்லை. ஆனாலும் அது நடந்துவிட்டது. தனி மனிதர் மனத்தில் இருப்பதை வைத்துக் கூட்டத்தின் வடிவத்தைச் சொல்லிவிட முடியாது என்பதற்கு இதைவிடச் சிக்கனமான நிரூபணம் எதுவும் என் கண்ணில் பட்டதில்லை. 2005இல் அவருக்குப் பொருளாதார நோபல் கிடைத்தபோது பலரும் நினைவுகூர்ந்தவற்றில் இந்தப் பலகையும் ஒன்று.

சென்னையில் இந்தப் பலகை வேலை செய்யும் இடங்கள் உண்டு. 'சைவம் மட்டும்' என்று அட்டை தொங்கும் வாடகை வீடுகளைப் பாருங்கள். அட்டையே தொங்காமல், புரோக்கர் வாயாலேயே 'நீங்க எந்த ஊர்ப் பக்கம்?' என்று சுற்றி வளைத்து விசாரித்துவிட்டு, 'வீடு நேத்துதான் சார் போயிடுச்சு' என்று முடியும் உரையாடல்களைக் கேளுங்கள். வீட்டுக்காரர்கள் கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றுவதில்லை. ஒவ்வொருவரும் தனித்தனியாக, 'நமக்கு ஒண்ணுமில்லை, மத்த குடித்தனக்காரங்க ஏதாவது சொல்வாங்க' என்கிறார்கள். மற்றக் குடித்தனக்காரர்களும் இதையேதான் சொல்வார்கள்.

ஆனால் ஷெல்லிங்கின் மாதிரியில் ஒரு சௌகரியம் இருக்கிறது. அதைத்தான் நான் சந்தேகிக்கிறேன். யாரும் செய்யாமலே நடந்துவிட்டது என்று அது சொல்கிறது. எல்லாக் காசுகளுக்கும் எழுந்து போகும் சுதந்திரம் சமம். எல்லாக் காலிக் கட்டங்களும் எல்லோருக்கும் திறந்தவை. ஷெல்லிங் தன் காசுகளை நகர்த்திய அதே அமெரிக்காவில், 1930களிலேயே அரசின் வீட்டுக்கடன் நிறுவனம் கறுப்பர் பகுதிகளைச் சிவப்பில் குறித்து அபாயப் பகுதிகள் என்று வரைபடம் போட்டிருந்தது. வட்டாரப் பிரிவினையைச் சட்டமும் அரசும் திட்டமிட்டு உண்டாக்கின என்பதை ரிச்சர்ட் ரோத்ஸ்டீன் 2017இல் ஒரு நூல் முழுக்க ஆவணப்படுத்தினார். பலகை பிரிந்தது உண்மை. காய்கள் தாமாகத்தான் நகர்ந்தனவா என்பதுதான் கேள்வி. இதில் ஷெல்லிங்கைக் குறைசொல்ல மாட்டேன். இது பல காரணங்களில் ஒன்றுதான் என்று அவரே ஒப்புக்கொண்டிருந்தார். அவரை மேற்கோள் காட்டுபவர்கள்தான் அந்த வரியைத் தாண்டிப் போகிறார்கள்.

சென்னைக்கு அந்தக் கேள்வியைப் போடுவோம். 1970இல் தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் தொடங்கியபோது கொள்கை, இருக்கும் இடத்திலேயே மாடிவீடு என்பது. மெரினாவை ஒட்டிய நொச்சிக்குப்பம் அந்தக் காலத்தின் அடையாளம். 1971இன் சட்டப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட பகுதிகள் குடிசைப் பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. 1985இல் இன்னும் சில. அதற்குப் பிறகு அறிவிப்பே இல்லை. அறிவிக்கப்பட்ட இடத்துக்குத்தான் சட்டத்தின் காப்பு. நகரம் பெருத்துக்கொண்டே போக, சட்டத்தின் கண் 1985இலேயே நின்றுவிட்டது. பிறகு கொள்கை நகர விளிம்புக்கு இடம்பெயர்ப்பது என்று மாறியது: 2000ஐ ஒட்டிக் கண்ணகி நகர், சுனாமிக்குப் பின் செம்மஞ்சேரி, அடுத்த பத்தாண்டில் பெரும்பாக்கம், எழில் நகர். கண்ணகி நகரில் மட்டும் பதினைந்தாயிரத்துக்கும் அதிகமான வீடுகள். நகர நடுவிலிருந்து 20 கிலோமீட்டர், அதற்கும் மேல். கூவம் கரையிலிருந்தும் அடையாற்றங்கரையிலிருந்தும் சட்டி பானையோடு லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கப்பட்டவர்கள் யாரும் அக்கம்பக்கத்துப் பங்கைக் கணக்குப் பார்த்து எழுந்து வந்தவர்கள் இல்லை. பல இடங்களில் பரீட்சைக்கு முந்தைய வாரங்களில் வீடுகள் இடிக்கப்பட்டன. பள்ளி ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம் என்று பிள்ளைகள் படிப்பை விட்டார்கள். வீட்டுவேலை பார்த்த பெண்களுக்கு நாலு வீட்டு வேலையும் ஒரே நாளில் போயிற்று.

வரைபடத்தில் பார்த்தால் கண்ணகி நகரின் பக்கத்து வீட்டுக்காரர் ஓஎம்ஆர் என்ற பழைய மகாபலிபுரம் சாலை. தமிழகத்திலேயே சம்பளம் கொழிக்கும் சாலைகளில் ஒன்று. காக்கை பறந்தால் சில நிமிடம். அருகாமை வாய்ப்பைக் கொண்டுவரும் என்று திட்டமிட்டவர்கள் சொன்னார்கள். வேலையும் கொஞ்சம் வந்தது. பெரும்பாலும் துப்புரவு, காவல் வேலைகள். படித்த பிள்ளைகள் நேர்காணலில் முகவரியைக் கண்ணகி நகர் என்னாமல் துரைப்பாக்கம் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள். ஹில்லியரின் திருப்பக் கணக்கிலும் வராத ஆழம் இது.

இந்த இடப்பெயர்ச்சியின் இன்னொரு விளைவு எண்களில் நடந்தது. 2011இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426ஆக விரிந்தது. அதற்கு முன் கண்ணகி நகரும் செம்மஞ்சேரியும் காஞ்சிபுரம் மாவட்டக் கணக்கு. ஆக, சென்னையின் ஏழைக் குடும்பம் ஒன்று லாரியில் ஏறியதும் சென்னையின் வறுமை குறைந்தது, காஞ்சிபுரத்தின் வறுமை கூடியது. அந்தக் குடும்பத்தின் வறுமையும் கூடியது. விரிந்த பிறகும் பெரும்பாக்கம் எல்லைக்கு வெளியேதான் நின்றது. எந்தக் கோட்டுக்குள் எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து முடிவு மாறும் என்பது புவியியலில் பழைய பாடம். 1980களில் ஸ்டான் ஓப்பன்ஷா அதை விரிவாகப் பேசினார். அவர் பேசியது கணக்குப் பிழையை. இங்கே கோடு இருக்கும் இடத்தில் நிற்க, ஆட்களைத்தான் அதன் மறுபுறம் கொண்டுபோனார்கள்.

வார்டு என்ற அலகும் அப்படித்தான். விரிந்த சென்னைக்கு 200 வார்டுகள். ஒன்றில் சராசரியாக 30,000 பேருக்கு மேல். ஓர் அக்ரகாரமும் ஒரு குப்பமும் ஒரே வார்டில் இருந்தால் கணக்கில் அது கலந்து வாழும் வார்டு. 2001 கணக்கெடுப்பின் வார்டுத் தரவைக் கொண்டே திரினா விதயத்திலும் காயத்ரி சிங்கும் 2012இல் ஏழு பெருநகரங்களை ஆராய்ந்து, பொருளாதார நிலையைவிடச் சாதியே அதிகமாகப் பிரிக்கிறது என்று காட்டினார்கள். பிறகு நவீன் பாரதியும் தீபக் மல்கானும் அந்தலீப் ரஹ்மானும் வார்டைவிடச் சின்ன அலகுக்கு, சில நூறு பேர் அடங்கும் கணக்கெடுப்பு வட்டாரத்துக்கு இறங்கினார்கள். கலந்தவைபோலத் தெரிந்த வார்டுகளுக்கு உள்ளேயே பிரிவினை இருந்தது. இந்தியா முழுவதும் 15 லட்சம் வட்டாரங்களை எடுத்துக்கொண்ட சாம் ஆஷர் குழுவினரின் ஆய்வு, தலித்துகளும் முஸ்லிம்களும் குவிந்த வட்டாரங்களில் பள்ளியும் மருத்துவமனையும் குறைவு என்றது. அந்தக் குறைவு பெரும்பாலும் ஒரே நகரத்துக்குள், வட்டாரத்துக்கு வட்டாரம் நிகழ்கிறது. மாவட்ட அளவில் பார்ப்பவருக்கு நியாயமான பங்கீடுபோலத் தோன்றும். அம்பேத்கர் நம்பிய நகரத்தைக் காண வார்டு போதும். நடக்கும் நகரத்தைக் காணத் தெருவுக்கு இறங்க வேண்டும்.

2015 டிசம்பர் வெள்ளத்தையும் ஒரு வளையமாகப் பார்க்கலாம். பள்ளிக்கரணைச் சதுப்பில் குப்பை கொட்டினோம், சாலை போட்டோம், ஐடி வளாகம் எழுப்பினோம். நீர் உட்காரும் இடம் சுருங்கியது. மழை வந்தது, அடையாறு பெருகியது. வெள்ளத்துக்குக் காரணம் ஆக்கிரமிப்பு என்ற பேச்சு எழுந்தது. ஆற்றங்கரைக் குடிசைகள் அகற்றப்பட்டன. அகற்றப்பட்டவர்கள் போய்ச் சேர்ந்தது பெரும்பாக்கம், அதே சதுப்பைச் சுற்றிய தாழ்நிலம். வெள்ளத்திலிருந்து காப்பாற்ற வெள்ளக்காட்டுக்கே கொண்டுபோயிருக்கிறோம். வளையத்தின் மற்றக் கண்ணிகளான சாலைகளும் வளாகங்களும் அப்படியே நிற்கின்றன. எல்லாம் எல்லாவற்றோடும் பிணைந்தது என்று சொல்வது சுலபம். எந்தக் கண்ணியை அறுக்க யாருக்கு அதிகாரம் இருக்கிறது, எப்போதும் அறுபடுவது எந்தக் கண்ணி என்று சொல்வதுதான் கடினம்.

இதே சென்னையில் இன்னொரு விதமாகவும் நடந்திருக்கிறது. அது அதிகம் பேசப்படாதது எனக்கு வருத்தம். 1977இல் உலக வங்கி உதவியோடு தொடங்கிய திட்டங்களில் அரும்பாக்கம், வில்லிவாக்கம், பிறகு முகப்பேர் ஆகிய இடங்களில் முழு வீடு கட்டித் தரவில்லை. சாலை, குடிநீர், கழிவுநீர் வசதியோடு மனை தந்தார்கள். சின்ன மனை ஏழைக்கு. பெரிய மனையை நல்ல விலைக்கு விற்று அந்தப் பணத்தில் சின்ன மனையின் விலையைக் குறைத்தார்கள். 1990களில் இது தோல்வி என்று முடிவுகட்டப்பட்டது. ஆட்கள் குடிவரத் தாமதம், ஏழைகள் விற்றுவிட்டுப் போகிறார்கள் என்றார்கள். இருபது ஆண்டுகள் கழித்து ஓவன்ஸ், குல்யானி, ரிஸ்வி ஆகிய மூவர் சென்னையிலும் மும்பையிலும் இந்த இடங்களைத் திரும்பிப் பார்த்து 2018இல் எழுதினார்கள். வீடுகள் மாடி மாடியாக வளர்ந்திருந்தன. கீழே கடை, மேலே வாடகைக் குடித்தனம். பல வருமானக்காரர்கள் அடுத்தடுத்த மனைகளில். திட்டமிட்டவர்கள் போட்டது தெருவும் மனை அளவுகளும் மட்டும். மீதியை மக்கள் கட்டினார்கள். பெரும்பாக்கத்து ஏழாவது மாடிக்காரர் ஓர் அறையைக்கூட நீட்ட முடியாது. தானாக உருவாவது என்று சிக்கல் அறிவியலர்கள் வியக்கும் விஷயத்துக்கும் முதலில் ஒருவர் மனை போட்டுத் தர வேண்டியிருக்கிறது.

சில நேரம் ஒரு கல்லைக்கூட நகர்த்தாமல் வரைபடம் மாறும். 2021 மே மாதம் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்றானது. கண்ணகி நகரிலிருந்து அடையாற்றுக்கு ஒரு மீட்டர்கூடக் குறையவில்லை. ஆனால் நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கும் பெண்ணின் சம்பளத்தில் பேருந்து தின்ற பங்கு அவள் கையிலேயே நின்றது. தூரத்தைக் கிலோமீட்டரில் குறிக்கும் எந்த வரைபடமும் இதைப் பிடிக்காது. அதே குடும்பத்து ஆணுக்குத் தூரம் பழையதுதான்.

இப்போது 2027 கணக்கெடுப்பு. சாதியும் எண்ணப்படும், கணக்கெடுப்பாளர் கையில் செல்பேசி இருக்கும். இத்தனை நுண்ணிய தரவு இந்திய நகரங்களைப் பற்றி இதுவரை இருந்ததில்லை. வட்டார அளவில் வெளியிட்டால் ஆய்வாளருக்கு விருந்து. எந்தத் தெருவில் கடன் தரக்கூடாது, எந்த ஆற்றங்கரையை அடுத்துக் காலி செய்யலாம் என்று பார்ப்பவருக்கும் விருந்துதான். பூத்தின் கறுப்புத் தெருக்களை நினைத்தால் எனக்குத் தயக்கம் வருகிறது. ஆனாலும் வெளியிட வேண்டும் என்பதே என் பக்கம். இடிப்பவர்களிடம் பட்டியல் எப்படியும் இருக்கிறது. இடிக்கப்படுபவர்கள் கையில்தான் இல்லை.

அப்போதும் ஒரு சாரார் எந்த வரைபடத்திலும் ஏற மாட்டார்கள். 2011 கணக்கெடுப்பின் வரையறைப்படி, அரசு அறிவிக்காத இடத்தில் நெருக்கமான, மோசமான வீடுகளில் 60, 70 குடும்பங்கள் சேர்ந்து இருந்தால்தான் அது குடிசைப் பகுதி. பெரும்பாக்கத்து வீட்டைப் பூட்டிவிட்டோ உள்வாடகைக்கு விட்டோ, பழைய வேலைக்குப் பக்கத்திலேயே மயிலாப்பூரிலோ சைதாப்பேட்டையிலோ மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை பிடித்துக்கொண்ட குடும்பங்கள் இருக்கின்றன. ஒரு சந்தில் ஒன்று, அடுத்த சந்தில் இரண்டு. கரையோரம் அவர்கள் சேர்ந்திருந்தபோது அதற்கொரு பெயர் இருந்தது, சங்கம் இருந்தது, தேர்தலுக்குத் தேர்தல் தேடிவர ஆள் இருந்தது. இப்போது வேற்றுமைக் குறியீட்டின்படி அவர்கள் நகரத்தோடு நன்றாகக் கலந்துவிட்டவர்கள்.